இது எந்தக் கட்டில் போகிறது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1978–81 பி.எஸ்ஸி. கணிதப் பிரிவு மாணவர். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, இந்த வருஷம் நீங்க பேசணும். தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பை ஒழுங்குபடுத்துவது எப்படி" என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இல்லண்ணே, தாலுகா ஆபீஸ்ல இருந்தவராச்சே, பட்டா, சிட்டா, நிலம்னு ஏதாவது பேசுவீங்கன்னு நெனைச்சேன்" என்று இழுத்தார். கவலைப்படாதீங்க தம்பி, நிலத்தைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். மனசுக்குள் பதில் சொன்னால் போதும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் தெரிகிற திரையில், பின்னால் உள்ள படம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? பேரன் பேத்தி படமாக இருக்கலாம், சாமி படமாக இருக்கலாம். அதன் முகம் தெரிகிறதா, அல்லது முகத்தின் மேல் நாற்பது ஃபைல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சிரிக்கிறவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள் என்று தெரிந்துகொண்டேன்.

கர்ணத்தின் பெட்டி

என் அப்பா எங்கள் கிராமத்துக் கர்ணம். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். மாணவர்களுக்காக விளக்குகிறேன்: ஊரில் எந்த நிலம் யாருடையது, பரப்பு எவ்வளவு, என்ன பயிர், என்ன தீர்வை என்று கணக்கு எழுதி வைத்தவர் கர்ணம். பெரும்பாலும் பரம்பரையாக வந்த வேலை. 1980 நவம்பரில் தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. ஒழித்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அப்போது நான் இதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அந்த வருஷம் என் பரீட்சைக் கட்டணம் எப்படிக் கட்டப்பட்டது என்பது இங்கே முன்வரிசையில் இருக்கும் ஒருவருக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சொல்லவில்லை.

அப்பாவுக்கு மேசை கிடையாது. சாய்வான மூடி போட்ட கணக்குப் பெட்டி ஒன்றுதான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த மூடியின் மேல் வைத்து எழுதுவார். அதன் மேல் எப்போதும் ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கும்: அந்த நேரத்தில் எழுதுவது. மற்றவை எல்லாம் பின்னால் மர அலமாரியில், துணியில் சுற்றி, நாடா போட்டுக் கட்டிய கட்டுகளாக இருக்கும். அடங்கல் ஒரு கட்டு, சிட்டா ஒரு கட்டு, வரவுத் தபால் ஒரு கட்டு. யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அப்பா முதலில் கேட்கிற கேள்வி, "இது எந்தக் கட்டுல போகுது?" பதில் தெரியாமல் அந்தக் காகிதத்தைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பள்ளிக்கூட மார்க் ஷீட்டைக் காட்டினால்கூட, கையெழுத்துப் போட்டுவிட்டு அதே கேள்விதான்!

2008-ல் அப்பாவுக்கு எண்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார வைத்து, என் பையனின் செல்போனில் அவர் பேச்சைப் பதிவு செய்தேன். நாற்பது நிமிஷம். ஊரில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருந்ததைச் சொன்னார். சர்வே நம்பர் அரசாங்கம் கொடுத்தது. பெயர் ஊர் கொடுத்தது. எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், எந்த வாய்க்கால் எந்த வருஷ வெள்ளத்தில் தூர்ந்துபோனது, யார் யாரிடம் எதற்காக நிலத்தை விற்றார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத சமாச்சாரங்கள். அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எங்கே வைத்தேன் தெரியுமா? டெஸ்க்டாப்பில். ஏன்? "முக்கியமானது, கண் முன்னாலேயே இருக்கட்டும்."

அடுத்த வருஷம் அப்பா காலமானார். அதற்கு ஆறு மாதம் கழித்து கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, திறக்கவே பத்து நிமிஷம் ஆனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் பொறுப்பாகத்தான் கேட்டான்: "சார், சி டிரைவை ஃபார்மட் பண்ணணும். டி டிரைவைத் தொட மாட்டேன். சி-யில ஏதாச்சும் முக்கியமானது வெச்சிருக்கீங்களா?" நான் பெருமையாகச் சொன்னேன், "இல்லப்பா. என்னோடதெல்லாம் டி-யில தனித்தனியா ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கேன்."

டெஸ்க்டாப் எந்த டிரைவில் இருக்கிறது என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. அது திரை, திரையில் இருப்பது திரையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணிதம் படித்தவன், வருவாய்த்துறையில் கால் நூற்றாண்டு கோப்பு பார்த்தவன். இது தெரியவில்லை.

மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். பச்சைப் புல்மேடு, நீல வானம், வெள்ளை மேகம். மூலையில் ஒரே ஒரு ரீசைக்கிள் பின். அவ்வளவு சுத்தமான டெஸ்க்டாப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு எங்கெங்கோ கொண்டுபோய்க் காட்டினேன். பழையது இருந்த இடத்தில் புதிய விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டது, எடுக்க முடியாது என்றார்கள். பையன் அந்தப் போனை எப்போதோ மாற்றியிருந்தான். கடைக்காரப் பையன் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவன் கேட்டான், நான்தான் தப்பாகப் பதில் சொன்னேன்.

டெஸ்க்டாப் என்பது என்ன?

அதனால் இந்த ஒரு விஷயத்தை முதலில் பதிய வைக்கிறேன். டெஸ்க்டாப் என்பதும் ஒரு ஃபோல்டர்தான். விண்டோஸில் அது வழக்கமாக சி டிரைவுக்குள், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் 'டெஸ்க்டாப்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. திரை என்பது அந்த ஃபோல்டரின் ஜன்னல். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவைத் துடைத்தால் அதுவும் சேர்ந்து போகும்.

இந்த மேசைக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கதை. 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் இதற்கான வேலைகள் நடந்தன. 1981-ல் அவர்கள் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் திரையில் காகிதம், ஃபோல்டர், அலமாரி இழுப்பறை, வரவுத் தபால் கூடை, அனுப்பும் தபால் கூடை எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக இருந்தன. அதாவது ஓர் அலுவலகம் முழுவதையும் திரையில் வைத்தார்கள். 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் இதைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது உலகமெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் மேசை நுழைந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: மேசையைக் கற்பனை செய்தவர்கள் அதோடு இழுப்பறையையும் தபால் கூடையையும் சேர்த்தே கற்பனை செய்தார்கள். நாம் மேசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அலமாரியைத் திறக்கவே இல்லை!

ஏன் குவிகிறது?

குவித்து வைப்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. தாமஸ் மலோன் என்ற அமெரிக்க ஆய்வாளர், அலுவலக ஊழியர்கள் தங்கள் மேசைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து, 1983-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேசை மேல் காகிதம் கிடப்பதற்குத் தேடி எடுக்கும் வசதி மட்டும் காரணமல்ல, ஞாபகப்படுத்துவதும் ஒரு காரணம் என்றார். "இந்த வேலை பாக்கி இருக்கிறது" என்று அந்தக் காகிதம் நம்மைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்றும் சொன்னார்: ஒரு காகிதத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்வது மனதுக்குக் கஷ்டமான வேலை. அதைத் தள்ளிப்போடத்தான் குவியல் உண்டாகிறது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. இது எந்தக் கட்டில் போகிறது? டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஒவ்வொரு ஃபைலும் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லாத பதில். இருநூறு ஃபைல் கிடந்தால் இருநூறு முடிவுகள் பாக்கி. ஞாபகப்படுத்தத்தான் வைக்கிறோம் என்றாலும், இருநூறு பேர் ஒரே நேரத்தில் "என்னைக் கவனி" என்று கத்தினால் யார் குரல் காதில் விழும்?

இந்தக் குறை கம்ப்யூட்டர் செய்தவர்களுக்கும் தெரியும். எக்ஸ்பி-யில் 60 நாளுக்கு ஒருமுறை, "பயன்படுத்தாத ஐகான்கள் இருக்கின்றன, ஒதுக்கட்டுமா?" என்று ஒரு சின்னக் கட்டம் வரும். நான் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். சரி என்று சொல்லியிருந்தாலும் அது ஷார்ட்கட்டுகளை மட்டும்தான் ஒதுக்கியிருக்கும், ஃபைல்களைத் தொடாது. 2018-ல் ஆப்பிள் தன் மொஜாவே பதிப்பில், டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றைப் படம் ஓர் அடுக்கு, ஆவணம் ஓர் அடுக்கு என்று தானே அடுக்கும் வசதியைத் தந்தது. நல்லதுதான். ஆனால் இது படம் என்று மெஷினுக்குத் தெரியும். இது அம்மாவின் கடைசிப் படம் என்று நமக்குத்தான் தெரியும்.

தாலுகா ஆபீஸ் முறை

அரசு அலுவலகம் என்றாலே தூசியும் கட்டுக்கட்டாகக் கோப்பும் என்று கேலி செய்வார்கள். கேலியில் உண்மை உண்டு. ஆனால் அங்கே ஒரு நல்ல முறையும் உண்டு. வருகிற ஒவ்வொரு தபாலையும் பிரிவு எழுத்தர் தன்பதிவேட்டில் பதிய வேண்டும். வேலை முடிந்ததும் கோப்பை அப்படியே விட்டுவிட முடியாது. எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே முடிவு எழுத வேண்டும். ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சில கோப்பு என்றென்றைக்கும் இருக்க வேண்டும். சிலது குறிப்பிட்ட வருஷங்கள். சிலதைச் சீக்கிரமே அழித்துவிடலாம். அதன் பிறகு அது பதிவறைக்குப் போய்விடும். ஒரு கோப்பின் ஆயுளை அதை முடிக்கிற அன்றைக்கே எழுதிவிடுகிறோம். வேலை பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்பதால், அவனே எழுத வேண்டும்.

2019-ல் ஓய்வு பெற்ற பிறகு இந்த முறையை என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் பதிவு போன பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டுமே என்பீர்கள். வரவில்லை! பத்து வருஷத்தில் மறுபடி 214 ஐட்டம் சேர்ந்திருந்தது. 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2' என்று ஏழு வரை. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று ஒரே மனுவுக்கு மூன்று. என் மனைவிதான் ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நாளைக்கு உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, இன்ஷூரன்ஸ் பேப்பரை இதுக்குள்ள நான் எங்க தேடுவேன்?" பதில் சொல்ல முடியவில்லை. அன்று மதியமே உட்கார்ந்தேன். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எதையும் தொடுவதற்கு முன்னால் டெஸ்க்டாப் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் ஏற்பாடு செய்வது மாதிரி. அவசரத்தில் தவறாக அழித்தாலும் திரும்ப எடுக்கலாம்.

இரண்டாவது, ஷார்ட்கட்டுகளைப் பிரித்தேன். ஐகானின் கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். உண்மையான பொருள் வேறெங்கோ இருக்கிறது, இது வழிகாட்டிப் பலகை மட்டும். பலகையைப் பிடுங்கினால் ஊர் அழியாது. அம்புக்குறி இல்லாததை அழித்தால் ஃபைலே போய்விடும். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். என் 214-ல் அறுபதுக்கு மேல் வெறும் பலகைகள். ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, டி டிரைவில் நான்கு ஃபோல்டர் போட்டேன். நடப்பு, முடிந்தது, நிரந்தரம், கழிவு. பிறகு ஒவ்வொரு ஃபைலாக எடுத்து அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். வேலை நடந்துகொண்டிருந்தால் நடப்பு. மின்கட்டண ரசீது, பழைய டிக்கெட், முடிந்துபோன மனு எல்லாம் முடிந்தது. பத்திரம், பென்ஷன் ஆணை, சான்றிதழ், குடும்பப் படங்கள் நிரந்தரம். சந்தேகமே இல்லாத குப்பை கழிவு. கழிவையும் உடனே அழிக்கவில்லை. ஒரு மாதம் கிடக்கட்டும் என்று விட்டேன்.

சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: 'பழைய டெஸ்க்டாப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடு, இரண்டு நிமிஷத்தில் திரை சுத்தம். அவசரத்துக்கு நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோமே, அதற்குச் சமம். விருந்தாளி போனதும் கட்டிலுக்கு அடியில் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, பெயர். 'ஸ்கேன் 0047' என்ற பெயரில் இருந்தால் அது என்ன என்று கடவுளுக்குத்தான் தெரியும். தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போட்டு, பிறகு விஷயத்தை எழுதினேன். '2019-06-05 வீட்டுவரி ரசீது'. நாளை முன்னால் போட்டால் ஜனவரி 5-ம், ஜூன் 5-ம், டிசம்பர் 5-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். வருஷத்தை முன்னால் போட்டு, மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கத்தில் எழுதினால், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். கணித மாணவர்கள் யோசித்துப் பாருங்கள், ஏன் என்று உடனே புரியும். 'ஃபைனல்' என்ற சொல்லை மட்டும் என் கம்ப்யூட்டரில் தடை செய்துவிட்டேன். உலகத்தில் எதுவும் ஃபைனல் இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்த வேலையின் நடுவில் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. சில பழைய ஃபைல்களைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் புள்ளி வைத்த விநோத எழுத்துகளாக இருந்தன. குப்பை என்று அழிக்கப் போனேன். நல்ல வேளை, நின்றேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டும் தனித்தனிக் குறியீட்டில் இயங்கியது. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் இப்படித்தான் தெரியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010-ல்தான். அதற்கு முன் தட்டச்சு செய்த எத்தனையோ கடிதங்களும் கட்டுரைகளும் நம் வீடுகளில் இப்படி முகம் மாறிக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிப் பார்த்தபோது, அதில் ஒன்று என் தங்கை கல்யாணத்துக்கு நான் எழுதிய வரவேற்புரை!

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன கதைகள் உங்களுக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் பதறிய செய்தியை நாம் படித்திருக்கிறோம். இட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இடத்தைச் சுத்தம் செய்தார்கள். படிக்க முடியாதது எல்லாம் குப்பை இல்லை. ஒழுங்குபடுத்துவது வேறு, ஒழித்துக்கட்டுவது வேறு.

காப்பதும் சொல்வதும்

இப்போது என் டெஸ்க்டாப்பில் ஐந்து ஷார்ட்கட், அந்த வாரம் எழுதுகிற இரண்டு மூன்று ஃபைல். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்கி, புதிதாக வந்து விழுந்ததை அந்தந்தக் கட்டில் சேர்க்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை, தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிற மே, ஜூன் மாதத்தில், வீட்டிலும் ஜமாபந்தி. கிராமக் கணக்கு எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்து சரிபார்ப்பது போல, நான்கு ஃபோல்டரையும் திறந்து பார்ப்பேன். முடிந்ததில் காலாவதியானதை அழிப்பேன். நிரந்தரத்தில் உள்ளவை திறக்கின்றனவா என்று பார்ப்பேன்.

ஆனால் டெஸ்க்டாப்பிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டால் பத்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டரில் சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். விவரம் தெரிந்தவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முக்கியமானதற்கு 3 பிரதிகள்; 2 வகைச் சாதனங்களில்; அதில் 1 வீட்டுக்கு வெளியே. என் நிரந்தரக் கட்டு கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் ஒன்று.

"எனக்கு எல்லாம் இன்டர்நெட்டில் தானாகவே ஏறிவிடுகிறது" என்று சிலர் சொல்லலாம். ஏறுவது நல்லது. ஆனால் இரண்டு இடமும் ஒன்றையொன்று பார்த்து நடக்கும்படி அமைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். பென் டிரைவில் அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். என் வயதுக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். டெஸ்க்டாப் நம் கண்ணுக்குப் பழகியது. குப்பையிலும் நமக்கு வழி தெரியும். நாம் இல்லாத அன்று அந்தத் திரையின் முன்னால் உட்காரப்போவது நம் மனைவியோ மகனோ. ஏற்கெனவே கலங்கிய கண்ணோடு உட்காரப்போகிறவர்கள். அவர்களை 214 ஃபைலில் தேட விடலாமா? என் மனைவிக்கு இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் தெரிய வேண்டும்: நிரந்தரம்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர், "எங்களிடம் டெஸ்க்டாப்பே இல்லை சார், எல்லாம் போன்தான்" என்பீர்கள். சரி, அதில் எத்தனை ஸ்கிரீன்ஷாட் கிடக்கிறது? பெயர் மாறியிருக்கிறது, குவியல் அதேதான். ஒன்றை மட்டும் உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டருக்குப் போகிறீர்கள். மார்க் ஷீட், ஆதார், போட்டோ, கையெழுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அந்தக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் வைக்கிறீர்கள். விண்ணப்பம் போனதும் எழுந்து வந்துவிடுகிறீர்கள். அடுத்து உட்காருகிறவர் கண் முன்னால் உங்கள் ஜாதகமே கிடக்கிறது. அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். கல்லூரி லேப் மெஷினிலும் அப்படியே. அது உங்கள் மேசை அல்ல. புராஜெக்டை அதில் மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

மேசை என்பது வேலை செய்கிற இடம். காத்து வைக்கிற இடம் அலமாரி. முக்கியமானது என்று நினைத்துக் கண் முன்னால் வைத்த ஒன்றை நான் இழந்தேன்.

அப்பாவின் நாற்பது நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் இருந்ததை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பதினொரு பக்கம் வந்தது. வயல்களின் பெயர்களில் இருபத்து மூன்று தேறியது. ஊரில் கேட்டால், இன்னும் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களும் இப்போது இல்லை. அந்தப் பதினொரு பக்கத்தைத் தட்டச்சு செய்து, தேதி போட்டு, நிரந்தரத்தில் சேர்த்திருக்கிறேன். மூன்று பிரதி.

அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்: "இது எந்தக் கட்டுல போகுது?" இப்போது என்னால் பதில் சொல்ல முடியும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் திரையைத் திறந்து, அதில் உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுத்து, இன்னோர் இடத்தில் ஒரு நகல் வையுங்கள். மற்ற 213-ஐ அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

1981-ல் ஒரு பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு இன்றுவரை வாய் திறக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவருக்கு நன்றி.